சின்னப் படகுக்கு மரக் கபின்: கொழும்பு வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் வாத்து வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் தங்கள் சின்னப் படகில் மரத்தால் ஒரு கபின் கட்டிக்கொள்கிறார்கள். சுக்கான் பிடிக்கிற ஆளை உறைபனிக் காற்றிலிருந்து காப்பாற்றுவதுதான் அதன் வேலை. அதற்கான வரைபடங்கள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒன்றை அச்செடுத்து மொறட்டுவையில் ஒரு மர பாஸிடம் கொடுத்தால் அழகாகக் கட்டித் தந்துவிடுவார். ஆனால் ஏப்ரல் மாத வெயிலில் அதற்குள் அரை மணித்தியாலம் இருக்க முடியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த வரைபடங்கள் பெரும்பாலும் அகலமான படகுகளை நினைத்து வரைந்தவை. நம் கரையில் ஓடும் 18 அடி பைபர் படகு அப்படி இல்லை. ஐந்தரை, ஆறு அடி அகலம்தான் இருக்கும்.

நமக்கு இந்தக் கபின் தேவைப்படுவது வாத்தைச் சுட அல்ல, பார்க்க. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிற நாடு இது. அதிலும் கொழும்புக்கு வடக்கே உள்ள முத்துராஜவெல சதுப்புநிலத்தின் வடபகுதி 1996இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். கொழும்பைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் ஆண்டு முழுக்க இருப்பது சீழ்க்கைச் சிறகி. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் பெருங்கூட்டமாக இறங்குவது மன்னார், வங்காலைப் பக்கம். எந்த வாத்தாக இருந்தாலும் அசையாத ஒரு நிழலுக்குள் இருந்து பார்க்கிறவரைக் கொஞ்சம் கிட்ட விடும். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு இருப்பவரை விடாது.

எந்த இடத்தில் வேலை சுலபமாகப் போனாலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கபின் பதிவாகவும் (உயரம் குறைந்ததாகவும்) இலேசாகவும் இருக்க வேண்டும். உங்களுக்கு எவ்வளவு வசதி வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. படகுதான் முடிவு செய்யும்.

நிற்கும் கபினா, இருக்கும் கபினா

எல்லோரும் முதலில் ஆசைப்படுவது நின்றுகொண்டு ஓட்டக்கூடிய கபினுக்கு. 18 அடிப் படகில் அது வேண்டாம். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

ஒன்றரை மீற்றர் நீளமான கபின் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஆசனத்தில் இருந்துகொண்டு ஓட்டுவதென்றால் படகின் விளிம்புக்கு மேலே சுவர் 90 செ.மீ. போதும். அப்போது பக்கவாட்டுக் காற்று பிடிக்கும் பரப்பு 1.35 சதுர மீற்றர். நிற்பதென்றால் 1.4 மீற்றர் உயரம் வேண்டும், பரப்பு 2.1 சதுர மீற்றர் ஆகிவிடும். செக்கனுக்கு 20 மீற்றர், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஒரு காற்று பக்கவாட்டில் அடித்தால் முதலாவதைச் சுமார் 36 கிலோ விசையோடு தள்ளும், இரண்டாவதை 56 கிலோவுக்குக் கிட்ட. தள்ளும் இடமும் இரண்டாவதில் உயரத்தில் இருக்கிறது. 65 கிலோ ஆளை வைத்து யோசித்தால் விளங்கும். இருக்கும் கபினில் அந்தக் காற்று தருகிற சாய்வு, அவர் படகின் நடுவிலிருந்து 65 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்து குந்தியதற்குச் சமம். நிற்கும் கபினில் அவர் 1.2 மீற்றர் நகர வேண்டும். படகின் பாதி அகலமே 85 செ.மீ.தான், ஆகவே அவர் விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டிவரும்.

இந்தக் காற்று எப்போதாவது வருவதல்ல. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் அடிக்கடி வரும் அந்த வரி, ‘இடியுடன் கூடிய மழையின்போது தற்காலிகமாக வீசும் பலத்த காற்று’, ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் பொல்கொட வாவியிலும் நீர்கொழும்புக் களப்பிலும் நேரடியாக இறங்கும். வானம் கறுத்துப் பத்து நிமிடத்துக்குள் காற்று வந்துவிடும்.

உயரத்தைக் கட்டுப்படுத்த இன்னொரு காரணம் பாலங்கள். வத்தளைப் பக்கமிருந்து நீர்கொழும்பு வரை போகும் ஹமில்டன் கால்வாய் பிரித்தானியர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்தது. இன்று அதற்குக் குறுக்கே பெரிதும் சின்னதுமாகப் பாலங்கள் நிற்கின்றன. நீங்கள் வழமையாகப் போகும் பாதையில் உள்ள மிகப் பதிவான பாலத்துக்குக் கீழே ஒரு தடவை படகில் போய், நீண்ட கம்பொன்றை நிமிர்த்தி அளந்து வாருங்கள். மழைக்காலத்தில் அளந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் ஏறினால் இடைவெளி குறையும். அந்த அளவில் 30 செ.மீ. கழித்துத்தான் உங்கள் கூரை நிற்க வேண்டும்.

இருக்கும் கபினுக்கு நான் சொல்லும் அளவுகள்: தளத்திலிருந்து கூரையின் அடிப்பக்கம் 1.4 மீற்றர், ஆசனம் 40 செ.மீ., ஜன்னலின் கீழ்விளிம்பு 90 செ.மீ., மேல்விளிம்பு 1.28 மீற்றர். சராசரி உயரமுள்ள ஒருவரின் கண் 1.15 முதல் 1.2 மீற்றருக்குள் வரும், ஆகவே பார்வை ஜன்னலின் மேற்பாதியில் விழும். கீழ்விளிம்பில் முழங்கையை ஊன்றிப் பைனாக்குலரை ஆடாமல் பிடிக்கலாம். நீளம் 1.5 மீற்றர், அகலம் 1.1 மீற்றர். இருபக்கமும் 30 செ.மீ. வழி மிஞ்சும்.

வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஒரு சோதனை

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து தாண்டாதீர்கள். ஒரு பலகையைக்கூட வாங்கும் முன் செய்யலாம், ஒரு காலைப்பொழுது போதும்.

காற்றில்லாத நேரத்தில், இடுப்பளவு தண்ணீரில், எல்லோரும் லைஃப் ஜக்கெற் போட்டுக்கொண்டு செய்யுங்கள். எஞ்சின், எண்ணெய்த் தாங்கி, பெற்றரி எல்லாம் வழமையான இடத்தில் இருக்கட்டும். படகைத் தளர்வாகக் கட்டிவிட்டு, வெளியே நிற்கும் ஒருவர் விளிம்பை அழுத்தி அழுத்தி ஆட்டிப் பிறகு கையை எடுக்க வேண்டும். படகு தானாக ஆடும். ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்பி வருவது ஒரு ஆட்டம். நாலைந்து ஆட்டத்தில் நின்றுவிடும், அதனால் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துப் பிறகு நேரத்தைப் பாருங்கள். பல தடவை எடுத்துச் சராசரி பார்த்தால் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை செக்கன் என்று தெரியும்.

அப்புறம் கபின் வரப்போகும் இடத்தில் மரச்சட்டங்களால் ஒரு மேசையைக் கட்டி, தளத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் 20 லீற்றர் கான்கள் மூன்றைத் தண்ணீர் நிரப்பி இறுக்கிக் கட்டுங்கள். அறுபது கிலோ. கான்கள் விளிம்புவரை நிரம்பியிருக்க வேண்டும். பாதி நிரம்பிய தண்ணீர் உள்ளே ஓடி ஓடிக் கணக்கைக் கெடுக்கும். மறுபடி ஆட்டி நேரம் எடுங்கள்.

படகு மெதுவாக ஆடினால் அதன் நிமிரும் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆட்ட நேரம் பத்தில் ஒரு பங்கு கூடினால் நிமிரும் பலம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அதுவரை நான் ஏற்றுக்கொள்வேன். அதற்கு மேல் போனால் கபினைச் சுருக்குங்கள், அல்லது சுவரே இல்லாமல் வெறும் கூரையோடு நிறுத்துங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: கான்கள் மேலே இருக்கும்போதே நீங்கள் வழமையாக ஏற்றும் ஆட்கள் அத்தனை பேரும் மெல்ல மெல்ல ஒரே பக்கம் வந்து இருக்கட்டும். விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண் கூட மிஞ்சாவிட்டால் அந்தப் படகு கபினுக்கு ஏற்றதல்ல. வேறு படகு தேடுவதுதான் சரி.

எடைக் கணக்கு

அறுபது கிலோவைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டு மரத்தைத் தெரிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன அளவுக்குச் சுவர், முன்பக்கம், கூரை எல்லாம் சேர்த்து ஜன்னல் ஓட்டைகளைக் கழித்தால் ஐந்தே கால் சதுர மீற்றர் பலகை வரும். 6 மி.மீ. பிளைவுட்டில் அது பதினேழு, பதினெட்டு கிலோ. சட்டங்கள் 20க்கு 40 மி.மீ. அளவில் 22 மீற்றர், பத்துக் கிலோ. எபொக்சியும் (கடினமாக்கி கலந்ததும் இறுகும் ஒட்டுப்பசை) பைபர் துணியும் ஒரு ஒன்பது. ஜன்னல்கள் ஏழு. பெயின்ற், போல்ட், பிடிகம்பிகள் ஆறேழு. ஆக ஐம்பது கிலோவில் முடியும்.

அதே கபினை 12 மி.மீ. பிளைவுட், இரண்டுக்கு இரண்டு அங்குல மஹோகனிச் சட்டம், 6 மி.மீ. கண்ணாடி என்று கட்டினால் நூறு கிலோவைத் தாண்டும். வீட்டு அலுமாரி செய்து பழகிய பாஸ்மாருக்குப் பாரமான மரம்தான் நல்ல மரம். அவர்களிடம் இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்து, ‘இதைத் தாண்டக் கூடாது அண்ணே’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெல்லிய பலகைக்குப் பலம் தருவது வளைவும் மூலைகளும்தான்.

சட்டங்களுக்கு மலைவேம்பு நல்லது. சிங்களத்தில் லுணுமிதெல்ல என்று கேட்டால் மரக்காலையில் எடுத்துத் தருவார்கள். இலேசான மரம், அதனால்தான் நம் கரையோரப் படகுகளுக்கு அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். போல்ட் இறங்கும் இடங்களில் மட்டும் தேக்கோ பலாவோ ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்துக்கும் தேக்கு தேவையில்லை.

பிளைவுட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பி.எஸ். 1088 என்ற முத்திரை உள்ள கடல் பிளைவுட் கேளுங்கள். ஆனால் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். கடையில் ஒரு கையளவு துண்டு கேட்டு வாங்கி வந்து, சட்டியில் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்கவையுங்கள். வெயிலில் காயவைத்து மறுபடி கொதிக்கவையுங்கள். பிறகு விளிம்பில் கத்தி நுனியை வைத்து நெம்பிப் பாருங்கள். அடுக்குகள் பிரிந்தால் அந்தக் கடையின் சரக்கு வேண்டாம். விளிம்பை வெளிச்சத்தில் பிடித்து உள்ளடுக்குகளில் ஓட்டை தெரிகிறதா என்றும் பாருங்கள். அந்த ஓட்டைக்குள்தான் தண்ணீர் தங்கி உக்கத் தொடங்கும். எட்டுக்கு நாலு அடி அளவில் நாலு பலகை வாங்கினால் சேதாரத்துக்கும் போதும்.

கொழும்பின் ஈரப்பதத்தில் மரம் எப்போதும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும். மொறட்டுவையில் சூளையில் உலர்த்திய மரம் கிடைக்கும். அது கிடைக்காவிட்டால் வாங்கிய சட்டங்களை நிழலில், இடையிடையே குச்சி வைத்துக் காற்றுப் படும்படி சில வாரம் அடுக்கி வையுங்கள். ஈர மரத்தில் எபொக்சி பிடிக்காது.

ஆணி எதுவும் வேண்டாம். ஸ்குரூவும் போல்ட்டும் 316 வகை ஸ்டெயின்லெஸ். சாதாரண 304 உப்புக் காற்றில் பழுப்பு ஒழுகும். பித்தளை ஸ்குரூ உப்புத் தண்ணீரில் நாளடைவில் உள்ளுக்குள் உளுத்து, திருப்பும்போது தலை தனியே வந்துவிடும். காந்தத்தை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை, இரண்டு வகையும் பெரிதாக ஒட்டாது. போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

மாதிரியும் வெட்டும்

குளிர்சாதனப் பெட்டி வரும் காட்போட் மட்டைகளைச் சேர்த்துக் கபினை முழு அளவில் படகிலேயே ஒட்டிப் பாருங்கள். முன் சுவர் அணியத்திலிருந்து (படகின் முன்முனையிலிருந்து) படகு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிற்கட்டும். பின்னால் எஞ்சின் பாரம் இருப்பதால் கபின் நடுவுக்குச் சற்று முன்னே இருந்தால் படகு நேராக ஓடும். மிக முன்னே போனால் அணியம் அமிழும். ஆசனத்தில் இருந்து அணியத்துக்கு முன்னால் தண்ணீர் எங்கே கண்ணில் படுகிறது, எஞ்சினைத் திரும்பிப் பார்க்க முடிகிறதா, அவசரத்தில் எழும்பி வெளியே வரத் தலை எங்கே இடிக்கிறது, எல்லாவற்றையும் மட்டையில் பார்த்துக்கொள்ளலாம். மட்டையை வெட்டுவது சுலபம்.

மட்டை சரியென்றானதும் அதையே அச்சாக வைத்துப் பிளைவுட்டில் கோடு போடுங்கள். படகின் விளிம்பு ஒருபோதும் நேர்கோடாக இருக்காது. சுவரின் கீழ்விளிம்பை 3 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, இடத்தில் நிறுத்தி, சின்ன மரக்கட்டையில் பென்சிலை வைத்து விளிம்பின் வளைவைச் சுவரில் கீறி, பிறகு இழைத்துச் சரிசெய்யுங்கள். ஒரு பக்கச் சுவருக்கு எடுத்த கோட்டை மறுபக்கத்துக்கு வைக்காதீர்கள். பைபர் படகுகளின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பது அபூர்வம்.

பலகையை நீளத்தில் இணைக்க வேண்டி வந்தால் இரண்டு முனையையும் ஒன்றுக்கு எட்டுச் சரிவில் இழைத்து ஒட்டுங்கள். 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. சரிவு. பின்னால் துண்டு வைத்து ஒட்டுவது பாரம், அசிங்கமும் கூட.

முன் ஜன்னலைக் கார் கண்ணாடி மாதிரிப் பின்னால் சாய்க்க எல்லோருக்கும் கை போகும். மெதுவாக ஓடும் படகுக்கு அது எதிர்மாறாக இருப்பது நல்லது: மேல்விளிம்பு முன்னே, கீழ்விளிம்பு பின்னே, ஒரு பத்துப் பாகை. மழை கண்ணாடியில் ஓடாமல் சொட்டும், வெயில் நேராக உள்ளே இறங்காது, உள்ளே இருக்கும் பொருட்களின் பிரதிபலிப்பும் கண்ணுக்கு வராது.

ஜன்னல் ஓட்டைகளின் மூலைகளை வளைவாக வெட்டுங்கள், ஒரு தேங்காய்ச் சிரட்டை வாயின் வளைவு போதும். கூர்மூலையில் விழும் வெடிப்பு பலகை முழுக்க ஓடும்.

எபொக்சி வேலை

கொழும்பு வெப்பத்தில் ஆளைத் திணறவைக்கும் பகுதி இது. எபொக்சி கலந்ததும் தானே சூடாகும், சூடானால் இன்னும் வேகமாக இறுகும். ஒரு கோப்பை நிறையக் கலந்து வைத்தால் பகல் பதினொரு மணிக்கு அது கையிலேயே புகை விட்டு, பிளாஸ்ரிக் கோப்பையை இளக்கி, தேன் நிறக் கட்டியாகிவிடும். சில நிமிடத்துக்குள் நடந்துவிடும். ஆகவே மெதுவாக இறுகும் வகைக் கடினமாக்கியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தடவைக்கு 100, 150 மில்லிலீற்றருக்கு மேல் கலக்காதீர்கள். கலந்ததும் அகன்ற தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள், சூடு தங்காது. கலவை விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சில இரண்டுக்கு ஒன்று, சில ஐந்துக்கு ஒன்று. சீக்கிரம் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டினால் இறுகவே இறுகாது.

சுவர்கள் சந்திக்கும் மூலையில் 20க்கு 20 சட்டம் வைத்து ஒட்டுங்கள். உள்மூலையில் எபொக்சியோடு சலித்த மரத்தூளைக் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் எடுத்து, வளைவாகப் பூசுங்கள். வெளிமூலையை உருட்டையாக இழைத்து மேலே 10 செ.மீ. பைபர் துணிப் பட்டி. துணி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடிபோல ஆகும்வரை எபொக்சி ஊற வேண்டும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது.

பலகையின் இரண்டு பக்கமும் மூன்று கோட்டிங், வெட்டு விளிம்புகளுக்கு இன்னும் இரண்டு. முதல் கோட்டிங்கைப் பின்னேரத்தில் அடியுங்கள். காலையில் அடித்தால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும். மாலையில் மரம் குளிரும்போது எபொக்சியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த நாள் மேலே மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு இருந்தால் தண்ணீரும் பாத்திரம் கழுவும் பச்சைப் பட்டியும் கொண்டு கழுவிவிட்டுத்தான் சாண்ட் பேப்பர் பிடிக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்த வழவழப்பு மரத்துக்குள் அமுங்கி, பெயின்ற் பின்னால் உரியும்.

பைபர் படகு செய்கிற இடங்களில் கிடைக்கும் பொலியெஸ்ரர் ரெசின் மலிவு. ஆனால் மரத்தில் அதன் பிடி நிலைக்காது, எபொக்சியின் மேல் அடித்தால் சரியாக இறுகவும் மாட்டாது. அதைப் படகுக்கே விட்டுவிடுங்கள். கையுறையும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம். தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு எபொக்சிப் பக்கமே போக முடியாது.

கூரை

நடுவில் 5 செ.மீ. உயர்ந்த வளைவு போதும், தண்ணீர் தங்காது, 6 மி.மீ. பலகையும் விறைத்து நிற்கும். வளைசட்டங்களை 30 செ.மீ.க்கு ஒன்று வையுங்கள். பக்கங்களில் 15 செ.மீ. வெளியே நீளட்டும். முன்னால் 10 செ.மீ.க்கு மேல் வேண்டாம், ஓடும்போது காற்றை அள்ளும். பக்க ஜன்னல்களுக்கு மேலே கூரையின் அடிவிளிம்பில் ஒரு சின்னச் சட்டத்தை ஒட்டிவிட்டால் தண்ணீர் உள்பக்கம் ஊர்ந்து வராமல் அங்கேயே சொட்டிவிடும். கூரையில் ஆள் ஏறக்கூடாது, சாமான் வைக்கவும் கூடாது. மேலே எதையாவது கட்ட வசதியாக ஒரு கம்பி போட்டால் யாராவது கட்டத்தான் செய்வார்கள், ஆகவே கைப்பிடிக் கம்பி மட்டும் ஓரத்தில் போதும்.

கூரையின் மேல்பக்கம் வெள்ளை. சுவர்கள் மங்கிய பச்சை சாம்பல். தண்ணீரில் இருக்கும் வாத்துக்குக் கூரையின் மேல்பக்கம் தெரியாது, உங்களுக்கு வெப்பம் வெகுவாகக் குறையும். உள்ளே முன்தட்டுக்கு மட்டும் பளபளப்பில்லாத கரும் நிறம் அடியுங்கள். எபொக்சி வெயிலில் கெடும் என்பதால் பெயின்ற் அடிக்காமல் ஒரு அங்குலமும் விடாதீர்கள்.

ஜன்னலும் காற்றும்

கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்ரிக்கான பேர்ஸ்பெக்ஸ் 5 மி.மீ. போதும். கண்ணாடியில் பாதிப் பாரம். வெயிலில் விரியும் பொருள் என்பதால் ஸ்குரூ துளைகளை ஸ்குரூவை விட 2, 3 மி.மீ. பெரிதாகத் துளைத்து, கீழே ரப்பர் வாஷர் போட்டு மெதுவாக இறுக்குங்கள். இறுக்கி முறுக்கினால் துளையிலிருந்து மயிரிழை வெடிப்புத் தொடங்கும். ஒட்டுவதற்கு நடுநிலை வகைச் சிலிக்கன் கேளுங்கள். படகு வேலைக்கு வழமையாக எடுக்கும் பொலியூரித்தேன் சீலன்ட் இந்தப் பிளாஸ்ரிக்குக்குப் பொருந்தாது. ஒரு எச்சரிக்கை: சிலிக்கன் பட்ட இடத்தில் பெயின்ற் ஒருபோதும் பிடிக்காது, ஆகவே ஜன்னல் வேலை பெயின்ற்றுக்குப் பிறகு.

முன் ஜன்னல் இரண்டில் ஒன்றாவது மேலே கீல் வைத்து வெளிப்பக்கம் திறக்க வேண்டும். பக்க ஜன்னல்கள் தள்ளித் திறப்பவை, ஒரு ஆள் புகுந்து வெளியேறும் அகலத்தில். பின்பக்கத்துக்குச் சுவரும் வேண்டாம், கதவும் வேண்டாம். சுருட்டி இறக்கும் தடித்த கன்வஸ் போதும். படகு கவிழ்ந்தால் கதவு திறந்துகொண்டிருக்க நேரம் இருக்காது. லைஃப் ஜக்கெற் போட்ட ஆளை மிதப்பு மேலே தள்ளிக் கபினுக்குள்ளேயே வைத்துவிடும். பின்பக்கம் முழுக்கத் திறந்திருப்பதுதான் வெளியே வர வழி.

முன் ஜன்னல் திறப்பதற்கு வெப்பத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பின்பக்கம் மட்டும் திறந்த பெட்டி முன்னே ஓடும்போது அதன் பின்னால் காற்று சுழன்று உள்ளே திரும்பும். எஞ்சின் புகையும் கூடவே வரும். அதில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தலைவலியும் தூக்கமும் வந்தபிறகுதான் தெரியும். முன்னால் ஒரு ஜன்னல் திறந்திருந்தால் காற்று நேராக ஓடிப் புகையை வெளியே கொண்டுபோய்விடும். மழையிலும் ஒரு விரற்கடை திறந்தே வையுங்கள்.

பொருத்துவதும் ஓட்டிப் பார்ப்பதும்

கபினைப் படகோடு ஒட்டாதீர்கள், போல்ட்டில் நிற்கட்டும். 8 மி.மீ. போல்ட் பக்கத்துக்கு நாலு, முன்னால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் படகின் உள்பக்கத்தில் கையகலத் தேக்குத் துண்டும் பெரிய வாஷரும். பைபரில் வெறும் ஸ்குரூ இறக்கினால் அலையின் குலுக்கலில் ஓட்டை பெரிதாகிக் கழன்றுவிடும். இடையில் ரப்பர் பட்டி வைத்தால் தேவையானபோது கபினைக் கழற்றிப் படகைத் தனியே ஏற்றலாம். படகு பதிவு செய்யப்பட்டதாக இருந்தால், இப்படி மாற்றம் செய்வதற்கு முன் பதிவு செய்த அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கைப்பிடியால் திருப்பும் எஞ்சினைக் கபினுக்குள்ளிருந்து ஓட்ட முடியாது. ஸ்டியரிங் வளையம், கேபிள், கியரும் வேகமும் சேர்ந்த கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றும் வேண்டும். முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகப் பக்கமோ நீர்கொழும்பிலோ விசாரியுங்கள். எஞ்சினின் வகையும் ஆண்டும் எழுதிக்கொண்டு போங்கள். கேபிளைக் கூர்வளைவாக மடிக்கக்கூடாது, வளையம் கனத்துப் போகும். வைப்பர், விளக்கு போன்ற சின்ன மின்வேலைக்குப் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் வாகனச் சாமான் போதும், ஆனால் ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் பற்றவைத்துச் சுருக்குக் குழாயால் மூடுங்கள். சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு கூரைக்கு மேலே இருக்க வேண்டும், கபின் அதை மறைக்கக்கூடாது.

நங்கூரக் கயிற்றை அணியத்தில் ஒரு வளையத்துக்குள்ளால் விட்டுப் பின்னுக்குக் கொண்டுவந்து கட்டிக்கொள்ளுங்கள். பக்கவழியில் ஊர்ந்து முன்னே போக வேண்டிய அவசியம் பாதி குறையும். தாங்குகோலுக்குக் கபின் சுவரில் வெளிப்பக்கமாக இரண்டு கொக்கி வையுங்கள். நீர்கொழும்புக் களப்பு ஆழம் குறைந்தது, பல இடத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கோலால் தாங்கித்தான் போக வேண்டும்.

கபின் ஏறியபின் கான்களோடு செய்த அதே ஆட்டச் சோதனையை மறுபடி செய்து, எழுதி வைத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். முதல் ஓட்டம் காலை நேரத்தில், ஓர் ஆளோடு, கரைக்குக் கிட்ட. மெதுவான வேகத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், பிறகு கொஞ்சம் வேகத்தில். திரும்பும்போது படகு சாய்ந்து நிமிரத் தயங்கினால் வேகத்தைக் குறைத்துக் கரைக்கு வந்து, ஏற்றியிருக்கும் பாரத்தைத் தளத்துக்கு இறக்குங்கள். அப்படியும் தயங்கினால் கபினைக் கழற்றிப் பக்கச் சுவரைக் குறைப்பதுதான் வழி. பக்கக் காற்றில் மெதுவாக ஓடும்போது அணியம் முன்பைவிட அதிகமாக ஒதுங்கும். துறையில் கட்டும்போது அதற்கு இடம் விட்டு வாருங்கள்.

முதல் மாதம் முடிந்ததும் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். தென்மேல் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் ஜன்னல் ஓரங்களையும் கூரையின் வெட்டு விளிம்புகளையும் விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ற் எங்கே வெடித்திருக்கிறதோ, அங்கே அன்றைக்கே சுரண்டி, இரண்டு நாள் காயவிட்டு, எபொக்சி அடித்து மூடிவிடுங்கள்.